எல்விஎம் பிழைச்செய்திகள்: எதைப் படிப்பது, எதைத் தட்டுவது, எதைத் தொடக்கூடாது

ஐப்பசி மாதத்துச் சாயங்கால இடியில் கரண்ட் போய்த் திரும்பியதும், மார்த்தாண்டத்திலோ நாகர்கோவிலிலோ ஏதோ ஒரு கடையின் சர்வர் பாதி வழியில் நின்றுவிடும். கருப்புத் திரையில் ஒரே வரி: “குடன்ட் ஃபைண்ட் டிவைஸ் வித் யுயுஐடி”. அதன் பின்னால் 32 எழுத்துகள், இடையிடையே கோடுகள்; அதுதான் யுயுஐடி, எல்விஎம் கொடுத்த தனி அடையாளம். இந்த வரியைத் தேடினால் பல இடங்களில் கிடைக்கும் பதில் “விஜிரெட்யூஸ் --ரிமூவ்மிஸ்ஸிங் --ஃபோர்ஸ்”. அதைத் தட்டினால் பிழைச்செய்தி மறைந்துவிடும். காணாமல்போன டிஸ்கில் ஒரு துண்டாவது வைத்திருந்த வால்யூம்களும் சேர்ந்து மறைந்துவிடும். கேபிளைக் கழற்றி மாட்டினால் பத்து நிமிடத்தில் தீர்ந்திருக்க வேண்டிய வேலை, ஐந்து வருட கல்யாணப் படங்களைக் காவு வாங்கிவிடும்.

எல்விஎம் என்பது லாஜிக்கல் வால்யூம் மேனேஜர்: லினக்ஸில் டிஸ்குகளைச் சேர்த்து, வேண்டிய அளவில் வால்யூம்களாகப் பிரித்துத் தரும் மென்பொருள். அது சொல்வது, தான் எங்கே தடுக்கி விழுந்தது என்பதை மட்டுமே. கல் எங்கே கிடக்கிறது என்பது பெரும்பாலும் ஒரு படி கீழே, கர்னலிலோ (லினக்ஸின் மையப் பகுதி) கேபிளிலோ டிஸ்கிலோ இருக்கும். அதனால்தான் இந்த வழிகாட்டியில் படிக்கும் கமாண்டுகள் முதலிலும், எழுதும் கமாண்டுகள் கடைசியிலும் வருகின்றன.

கமாண்டுகளை வாயால் சொல்கிற மாதிரியே தமிழில் எழுதியிருக்கிறோம். டெர்மினலில் ஆங்கிலச் சிறிய எழுத்தில், ஒரு சொல்லுக்குள் இடைவெளி விடாமல் தட்டுங்கள். பிவி என்றால் பிசிக்கல் வால்யூம் (எல்விஎம்முக்குக் கொடுத்த டிஸ்க் அல்லது பார்டிஷன்), விஜி என்றால் வால்யூம் குரூப் (பிவிகள் சேர்ந்த தொகுப்பு), எல்வி என்றால் லாஜிக்கல் வால்யூம் (அந்தத் தொகுப்பிலிருந்து வெட்டிக்கொடுத்த பகுதி). டிஸ்க் பெயர்களில் எஸ்டிஏ முதல் டிஸ்க், எஸ்டிபி இரண்டாவது, எஸ்டிசி மூன்றாவது. எல்லாவற்றுக்கும் ரூட் உரிமை வேண்டும். /ரன்/லாக்/எல்விஎம் என்ற பெயரோடு “பெர்மிஷன் டினைட்” வந்தால், முன்னால் சூடோ போட விட்டுப்போயிருக்கிறது, அவ்வளவுதான்.

பத்திரமும் நிலமும்

நம்மூரில் நிலத்தைச் சென்ட் கணக்கில் அளந்து பத்திரம் எழுதுகிறோம். எல்விஎம்மும் டிஸ்கை 4 எம்பி அளவுள்ள எக்ஸ்டென்டுகளாக அளந்து, எந்த எல்விக்கு எந்த எக்ஸ்டென்ட் என்று பத்திரம் எழுதி வைக்கிறது. மெட்டாடேட்டா என்பது அந்தப் பத்திரம்தான். பத்திரம் தொலைந்தால் நிலம் எங்கும் போய்விடாது. எல்விஎம் பிழைகளில் பெரும்பாலானவை பத்திரத் தகராறுகளே.

பத்திரம் எங்கே இருக்கிறது என்று தெரிந்தால் பாதி பயம் போய்விடும். பிவியின் இரண்டாவது செக்டரில் “லேபிள்ஒன்” என்ற முத்திரை. 4096-ஆவது பைட்டில் மெட்டாடேட்டாவின் தலைப்பு, அதைத் தொடர்ந்து விவரம், அதுவும் கண்ணால் படிக்கக்கூடிய வெறும் எழுத்தில். உங்கள் தரவு வழக்கமாக 1 எம்பி தாண்டிய பிறகுதான் தொடங்கும். குரூப்பில் நான்கு டிஸ்க் இருந்தால், தனியாக மாற்றி அமைக்காதவரை நான்கிலும் முழுக் குரூப்பின் பத்திரமும் இருக்கும். இது போக /எட்சி/எல்விஎம்/பேக்கப் ஃபோல்டரில் கடைசி நகலும், /எட்சி/எல்விஎம்/ஆர்க்கைவ் ஃபோல்டரில் பழைய நகல்களும் கிடக்கும். ஆர்க்கைவ் கோப்பு ஒன்றை ‘லெஸ்’ போட்டுத் திறந்து பாருங்கள். ‘டிஸ்கிரிப்ஷன்’ என்ற வரியில், எந்தக் கமாண்டைத் தட்டுவதற்கு முன் அந்த நகல் எடுக்கப்பட்டது என்று இருக்கும். உங்களுக்கு முன்னால் உட்கார்ந்தவர் என்ன தட்டினார் என்பதை அவரிடம் கேட்க வேண்டியதில்லை.

எதையும் எழுதாமல் பார்ப்பது

எந்தப் பிழையானாலும் இந்த வரிசை:

எல்எஸ்பிஎல்கே -எஃப்
டிமெஸ்ஜி -டி | டெயில் -100 (‘டி’ பெரிய எழுத்து)
பிவிஎஸ் -ஓ +பிவி_யுயுஐடி
விஜிஎஸ் -ஓ +விஜி_யுயுஐடி
எல்விஎஸ் -ஏ -ஓ +டிவைசஸ்

முதல் கமாண்டிலேயே டிஸ்க் தெரியவில்லை என்றால் எல்விஎம்மை மறந்துவிடுங்கள். அது வன்பொருள் வேலை. டிஸ்க் தெரிகிறது, “எல்விஎம்2_மெம்பர்” என்றும் காட்டுகிறது, ஆனால் பிவிஎஸ் அதைக் காட்டவில்லை என்றால் எல்விஎம் அந்த டிஸ்கைப் பார்க்க மறுக்கிறது. டிஸ்க் தெரிகிறது, மெம்பர் என்ற முத்திரை மட்டும் இல்லை என்றால் லேபிள் அழிந்திருக்கிறது. இந்த மூன்றில் எது என்று தெரியாமல் அடுத்த படிக்குப் போகாதீர்கள்.

எல்விஎஸ் காட்டும் ‘ஆட்ரிபியூட்’ பத்தியில் பத்து இடங்கள். ஐந்தாவது இடத்தில் ‘ஏ’ இருந்தால் இயக்கத்தில் இருக்கிறது. பெரிய ‘ஐ’ இருந்தால் கெட்டுப்போன ஸ்னாப்ஷாட் (எல்வியின் ஒரு நேரத்து நிலையைப் பிடித்து வைத்த நகல்). ஆறாவது இடத்தில் ‘ஓ’ இருந்தால் யாரோ திறந்து வைத்திருக்கிறார்கள். ஒன்பதாவது இடத்தில் ‘பி’ இருந்தால் அந்த எல்வியின் ஒரு பகுதி காணாமல்போன டிஸ்கில் இருக்கிறது.

“குடன்ட் ஃபைண்ட் டிவைஸ் வித் யுயுஐடி”

‘இந்த எண்ணுள்ள பிவி பத்திரத்தில் இருக்கிறது, நேரில் இல்லை’ என்று பொருள். புதிய பதிப்புகளில் கூடவே “லாஸ்ட் ரிட்டன் டு /டெவ்/எஸ்டிபி1” என்று வரும். கடைசியாக அந்த டிஸ்க் எந்தப் பெயரில் இருந்தது என்பதற்கு மட்டும்தான் அது உதவும். டிஸ்க் பெயர்கள் ஒவ்வொரு பூட்டிலும் மாறலாம், அதனால் அந்தப் பெயரை நம்பி வேலை செய்யாதீர்கள்.

மார்த்தாண்டத்தில் ஒரு ஸ்டுடியோ. இரண்டு டிஸ்க் சேர்ந்து ‘ஸ்டுடியோ’ என்ற விஜி, அதில் ‘ஃபோட்டோ’ என்ற ஒரே எல்வி. இரண்டாவது டிஸ்க் காணவில்லை என்று வைத்துக்கொள்வோம்.

முதலில் பவரை நிறுத்தி, சாட்டா கேபிளையும் பவர் கேபிளையும் இரு முனையிலும் கழற்றி மாட்டுங்கள். முடிந்தால் புதிய கேபிளே போடுங்கள். குளச்சல், முட்டம் பக்கம் கடலைப் பார்த்த அறையில் இருக்கும் கம்ப்யூட்டர்களில் உப்புக்காற்று கனெக்டரின் முனைகளைக் களிம்பு பிடிக்க வைத்துவிடும். ஐசோப்ரொப்பைல் ஆல்கஹால் தொட்ட பஞ்சால் துடைத்து, காயவிட்டு மாட்டுங்கள்.

டிஸ்க் திரும்ப வந்துவிட்டால் உடனே வேலையைத் தொடங்க வேண்டாம்:

ஸ்மார்ட்சிடிஎல் -ஏ /டெவ்/எஸ்டிபி (‘ஏ’ பெரிய எழுத்து)

வரிசை எண் 199-ல் எண்ணிக்கை ஏறியிருந்தால், தகவல் போகும் வழியில் கோளாறு. கேபிளையே முதலில் சந்தேகியுங்கள். 5 அல்லது 197 ஏறியிருந்தால் டிஸ்கின் பரப்பே போய்க்கொண்டிருக்கிறது. அப்படியானால் எந்தப் பழுதுநீக்கும் கமாண்டையும் அந்த டிஸ்கில் ஓட்டாதீர்கள். முதலில் இன்னொரு பெரிய டிஸ்குக்கு நகல் எடுங்கள்:

டிடிரெஸ்க்யூ -டி /டெவ்/எஸ்டிபி /எம்என்டி/நகல்.ஐஎம்ஜி /எம்என்டி/நகல்.மேப்

கடைசியில் உள்ள மேப் கோப்பைக் கட்டாயம் கொடுங்கள். நடுவில் கரண்ட் போனால் விட்ட இடத்திலிருந்து தொடர்வதற்கு அதுதான் வழி. டெபியன், உபுன்டுவில் இந்தப் பேக்கேஜின் பெயருக்கு முன்னால் ஒரு ‘ஜி’ சேரும்: ஜிடிடிரெஸ்க்யூ.

காணாமல்போன நேரத்தில் குரூப்பில் ஏதாவது மாற்றம் எழுதப்பட்டிருந்தால், டிஸ்க் திரும்பி வந்தாலும் ‘மிஸ்ஸிங்’ என்ற குறி போகாது. அதற்கு:

விஜிஎக்ஸ்டென்ட் --ரிஸ்டோர்மிஸ்ஸிங் ஸ்டுடியோ /டெவ்/எஸ்டிபி1

டிஸ்க் உண்மையாகவே செத்துவிட்டது, மிச்சத்தையாவது எடுக்க வேண்டும் என்றால்:

விஜிசேஞ்ச் -ஏஒய் --ஆக்டிவேஷன்மோட் பார்ஷியல் ஸ்டுடியோ

காணாத எக்ஸ்டென்டுகளுக்குப் பதிலாகப் பிழை மட்டுமே தரும் ஒரு வெற்றிடத்தை எல்விஎம் வைக்கும். மவுன்ட் செய்யும்போது இஎக்ஸ்டி4 என்றால் ‘ஆர்ஓ,நோலோட்’, எக்ஸ்எஃப்எஸ் என்றால் ‘ஆர்ஓ,நோரெகவரி’ என்று கொடுங்கள். வெறும் ‘ஆர்ஓ’ மட்டும் கொடுத்தால் ஃபைல்சிஸ்டம் தன் ஜர்னலைத் திரும்ப ஓட்டி டிஸ்கில் எழுதப் பார்க்கும். எடுக்க முடிந்த படங்களை வேறு டிஸ்குக்கு எடுத்த பிறகே, விஜிரெட்யூஸ் --ரிமூவ்மிஸ்ஸிங் பற்றி யோசிக்கலாம். --ஃபோர்ஸ் இல்லாமல் தட்டினால், பாதி மட்டும் மிஞ்சியுள்ள எல்விகள் இருக்கும்வரை அது மறுத்துவிடும். அந்த மறுப்பு உங்களைக் காப்பதற்காக இருக்கிறது, உடைக்காதீர்கள்.

டிஸ்க் நல்லபடி இருக்கிறது, லேபிள் மட்டும் அழிந்தது என்ற நிலையை விரிவாகப் பார்க்க வேண்டும். சர்வர் டிஸ்கைக் கழற்றி விண்டோஸ் கம்ப்யூட்டரில் மாட்டுவார்கள். ‘டிஸ்கை இனிஷியலைஸ் செய்யவா?’ என்று கேட்கும். ஓகே கொடுத்துவிடுவார்கள். ஜிபிடி எனும் பார்டிஷன் அட்டவணை முதல் 34 செக்டர்களில் எழுதப்படும். டிஸ்க் முழுவதையும் பார்டிஷன் போடாமல் பிவியாக்கியிருந்தால், எல்விஎம் லேபிள் அந்த 34-க்குள்தான் இருக்கிறது. பத்திரம் கிழிந்துவிட்டது. நிலமோ 2048-ஆவது செக்டரில் தொடங்குகிறது, ஃபார்மட் செய்யாதவரை அப்படியே கிடக்கும். மீட்கும் வரிசை இது. நகல் எடுத்த பிறகு, முடிந்தால் அந்த நகலின் மீதே செய்யுங்கள்:

வைப்எஃப்எஸ் /டெவ்/எஸ்டிபி
வைப்எஃப்எஸ் -ஏ --பேக்கப் /டெவ்/எஸ்டிபி
விஜிசிஎஃப்ஜிரிஸ்டோர் --லிஸ்ட் ஸ்டுடியோ
பிவிகிரியேட் --டெஸ்ட் --யுயுஐடி “பழைய எண்” --ரிஸ்டோர்ஃபைல் /எட்சி/எல்விஎம்/ஆர்க்கைவ்/கோப்பு.விஜி /டெவ்/எஸ்டிபி
அதே வரி, --டெஸ்ட் இல்லாமல்
விஜிசிஎஃப்ஜிரிஸ்டோர் -எஃப் /எட்சி/எல்விஎம்/ஆர்க்கைவ்/கோப்பு.விஜி ஸ்டுடியோ
விஜிசேஞ்ச் -ஏஒய் ஸ்டுடியோ

முதல் வரி எதையும் அழிக்காது. என்னென்ன முத்திரைகள் இருக்கின்றன என்று காட்டும். இரண்டாவது வரி அவற்றை நகல் எடுத்துக்கொண்டு அழிக்கும். ‘பழைய எண்’ என்பது பிழைச்செய்தியில் வந்த அதே 32 எழுத்து. --ரிஸ்டோர்ஃபைல் கொடுப்பதால்தான், தரவு தொடங்கும் இடம் பழைய கணக்குப்படியே வைக்கப்படும். இதை விட்டுவிட்டு வெறும் பிவிகிரியேட் தட்டினால் புதுப் பிவி பிறக்கும், அது உங்கள் குரூப்புக்குச் சம்பந்தமில்லாதது. முடிந்ததும் ‘ஈ2எஃப்எஸ்சிகே -என்’ அல்லது ‘எக்ஸ்எஃப்எஸ்_ரிப்பேர் -என்’. அந்த ‘-என்’ இருந்தால் பார்க்க மட்டும் செய்யும். ஆயிரக்கணக்கில் பிழை கொட்டினால் தவறான ஆர்க்கைவ் கோப்பை எடுத்திருக்கிறீர்கள். நிறுத்தி, முந்தைய கோப்பைப் பாருங்கள்.

/எட்சி ஃபோல்டரே அந்தக் குரூப்பில்தான் இருக்கிறது, திறக்க முடியவில்லை என்றால், உயிரோடு இருக்கும் இன்னொரு பிவியிலிருந்து பத்திரத்தை எடுக்கலாம்:

பிவிசிகே --டம்ப் மெட்டாடேட்டா -எஃப் /டிஎம்பி/பத்திரம் /டெவ்/எஸ்டிஏ2

டிஸ்க் தெரிகிறது, எல்விஎம் மட்டும் பார்க்கவில்லை

2022-ல் வந்த ரெட் ஹாட் 9 முதல், அதே குடும்பத்து ஆல்மா, ராக்கி உட்பட, எல்விஎம் எந்த டிஸ்குகளைத் தொடலாம் என்பதற்கு ஒரு பட்டியல் வைத்திருக்கிறது: /எட்சி/எல்விஎம்/டிவைசஸ்/சிஸ்டம்.டிவைசஸ். வேறு கம்ப்யூட்டரிலிருந்து டிஸ்கைக் கொண்டுவந்து மாட்டினால் “டிவைஸ் இஸ் நாட் இன் டிவைசஸ் ஃபைல்” என்று மறுக்கும். சேர்க்க:

எல்விஎம்டிவைசஸ் --ஆட்டெவ் /டெவ்/எஸ்டிபி1 (‘ஆட்’, ‘டெவ்’ இரண்டையும் ஒட்டி, மூன்று ‘டி’)

அதே டிஸ்கை யுஎஸ்பி பெட்டியிலிருந்து கழற்றி உள்ளே சாட்டாவில் மாட்டினாலும் இது வரலாம். பட்டியலில் இருப்பது டிஸ்கின் அடையாள எண். சில பெட்டிகள் தங்கள் எண்ணைச் சொல்லிவிடும். எல்விஎம்டிவைசஸ் --செக் போட்டுப் பார்த்து, பிறகு --அப்டேட். உபுன்டுவில் இந்தப் பட்டியல் வழக்கமாக இருக்காது. அங்கே /எட்சி/எல்விஎம்/எல்விஎம்.கான்ஃப் கோப்பில் ‘குளோபல்_ஃபில்டர்’ வரியை யாராவது மாற்றியிருக்கிறார்களா என்று பாருங்கள்.

யுஎஸ்பி பெட்டிகளால் வரும் இன்னொரு தொல்லை உண்டு. சில பெட்டிகள் 512 பைட் செக்டரை 4096 என்று மாற்றிச் சொல்லும். பெட்டிக்குள் பார்டிஷன் போட்ட டிஸ்கை வெளியே எடுத்து நேராக மாட்டினால் பார்டிஷன் அட்டவணையே தவறான இடத்தில் படிக்கப்படும். டிஸ்க் காலி போலத் தெரியும். எல்எஸ்பிஎல்கே -ஓ நேம்,லாக்-செக் என்று பெட்டிக்குள் ஒருமுறை, வெளியே ஒருமுறை தட்டிப் பாருங்கள். எண் மாறினால் திரும்பப் பெட்டியிலேயே போட்டுத் தரவை எடுங்கள். இந்த நேரத்தில் புதுப் பார்டிஷன் போடுவதுதான் மிகப் பெரிய தவறு.

“மல்டிபிள் விஜிஸ் ஃபவுண்ட் வித் த சேம் நேம்”

சர்வீஸ் கடைகளில் அடிக்கடி வருவது இது. உபுன்டு சர்வரை நிறுவும்போது பெயரை மாற்றாவிட்டால் விஜியின் பெயர் வழக்கமாக ‘உபுன்டு-விஜி’. ஒரு சர்வரின் டிஸ்கை எடுத்து இன்னொரு உபுன்டு சர்வரில் மாட்டினால் ஒரே பெயரில் இருவர்.

அந்த டிஸ்க் திரும்ப அதன் சொந்தக் கம்ப்யூட்டருக்குப் போக வேண்டியதா? அப்படியானால் பெயரை மாற்றாதீர்கள். ஒரு லைவ் பென்டிரைவில் பூட் செய்து, அந்த டிஸ்கை மட்டும் மாட்டி வேலையை முடியுங்கள். பெயர் மாறினால், க்ரப்பும் (பூட் செய்யும் புரோகிராம்) எஃப்எஸ்டேபும் (எதை எங்கே மவுன்ட் செய்வது என்ற பட்டியல்) பழைய பெயரைத் தேடி நிற்கும். உரிமையாளரின் கடையில் போய் மாட்டியதும் பூட் ஆகாது.

தரவை எடுத்தபின் டிஸ்க் இங்கேயே இருக்கப்போகிறது என்றால்:

விஜிஎஸ் -ஓ +விஜி_யுயுஐடி
விஜிரிநேம் அந்த-யுயுஐடி பழையவிஜி
விஜிசேஞ்ச் -ஏஒய் பழையவிஜி

இதோடு குழப்பிக்கொள்ளக் கூடாதது “டூப்ளிகேட் பிவி”. அங்கே பெயர் மட்டுமில்லை, யுயுஐடியும் ஒன்று. க்ளோன் எடுத்த டிஸ்கும் அசலும் ஒன்றாக மாட்டப்பட்டிருக்கின்றன, அல்லது ரெய்டில் (பல டிஸ்குகளை ஒன்றாக இயக்கும் முறை) இருக்க வேண்டிய டிஸ்க் தனியாக எழுந்திருக்கிறது. எதை அசல் என்று எல்விஎம் எடுத்துக்கொண்டது என்பது செய்தியிலேயே இருக்கும். ரெய்டா என்று /ப்ராக்/எம்டிஸ்டாட் பார்த்து உறுதி செய்யுங்கள். க்ளோன் என்றால் பவரை நிறுத்தி அதைக் கழற்றுவதே நல்லது. இரண்டும் கூடவே வேண்டும் என்றால்:

விஜிஇம்போர்ட்க்ளோன் -என் நகல்விஜி /டெவ்/எஸ்டிசி2

“ரீலோட் ஐஆக்டில் ஃபெயில்ட்: இன்வாலிட் ஆர்க்யுமென்ட்”

எல்விஎம் செய்திகளில் மிகவும் புரியாதது இதுதான். கர்னலிடம் ஒரு வரைபடத்தைக் கொடுத்தேன், அது ஏற்கவில்லை என்று மட்டும் சொல்கிறது. காரணம் எல்விஎம்முக்கே தெரியாது. கர்னலுக்குத் தெரியும், அதைத் தன் செய்திகளில் எழுதியும் வைத்திருக்கும். உடனே டிமெஸ்ஜி பாருங்கள். ‘டிவைஸ்-மேப்பர்: டேபிள்’ என்று தொடங்கும் வரி.

அதில் “டூ ஸ்மால் ஃபார் டார்கெட்” என்று வந்தால் கணக்குப் போட்டுப் பார்க்க வேண்டும். 1 டிபி ஹார்ட் டிஸ்கை 960 ஜிபி எஸ்எஸ்டிக்கு க்ளோன் செய்த சர்வர் ஒன்றில் இப்படி இருக்கும்:

ஸ்டார்ட்=2048, லென்=1953521664, டெவ்_சைஸ்=1875385008

எல்லாம் 512 பைட் செக்டர் கணக்கு. ஸ்டார்ட்டையும் லென்னையும் கூட்டினால் 1953523712. டிஸ்கில் இருப்பது 1875385008. குறைவு 7,81,38,704 செக்டர். 2097152-ஆல் வகுத்தால் சுமார் 37 ஜிபி. பத்திரத்தில் இருக்கும் 37 ஜிபி நிலம் புது டிஸ்கில் இல்லவே இல்லை. இதை எந்தக் கமாண்டும் சரிசெய்யாது. பழைய டிஸ்கைத் திரும்ப மாட்டுங்கள்.

உண்மையில் எல்விஎம் இருக்கும் இடத்தில் க்ளோன் மென்பொருளே வேண்டாம். தரவுக் குரூப்பை இப்படி மாற்றலாம். சர்வர் ஓடிக்கொண்டே இருக்கும்:

பிவிகிரியேட் /டெவ்/எஸ்டிசி1
விஜிஎக்ஸ்டென்ட் ஸ்டுடியோ /டெவ்/எஸ்டிசி1
பிவிமூவ் /டெவ்/எஸ்டிபி1 /டெவ்/எஸ்டிசி1
விஜிரெட்யூஸ் ஸ்டுடியோ /டெவ்/எஸ்டிபி1

எல்விகளுக்கு ஒதுக்கிய எக்ஸ்டென்டுகள் மட்டுமே நகரும், ஆகவே அவை புது டிஸ்கில் அடங்கினால் போதும். அடங்காவிட்டால் “நோ எக்ஸ்டென்ட்ஸ் அவைலபிள் ஃபார் அலொகேஷன்” என்று வரும்; முதலில் எல்வியைச் சுருக்க வேண்டும். எக்ஸ்எஃப்எஸ்ஸை வழக்கமான முறையில் சுருக்க முடியாது, அதற்குத் தரவை வெளியே எடுத்துப் புதிதாகத்தான் போட வேண்டும். பிவிமூவ் நடுவில் கரண்ட் போனாலும் பயமில்லை. குரூப்பை இயக்கிவிட்டு, எந்தப் பெயரும் கொடுக்காமல் வெறும் ‘பிவிமூவ்’ தட்டினால் விட்ட இடத்திலிருந்து தொடரும்.

விஜிஎக்ஸ்டென்ட் படியில் “இன்கன்சிஸ்டன்ட் லாஜிக்கல் பிளாக் சைசஸ்” என்று மறுத்தால், ஒரு டிஸ்க் 512, மற்றது 4096. எல்விஎம்.கான்ஃபில் அதை அனுமதிக்கும் அமைப்பு உண்டு, பயன்படுத்தாதீர்கள். 512 கணக்கில் உருவான ஃபைல்சிஸ்டம் 4096 டிஸ்குக்கு நகர்ந்த பிறகு மவுன்ட் ஆகாமல் போகலாம்.

ஒரு எக்ஸ்டென்ட் குறைகிறது

10 ஜிபி டிஸ்கை பிவியாக்கி, 10 ஜிபி எல்வி கேட்டால்: “இன்சஃபிஷியன்ட் ஃப்ரீ ஸ்பேஸ் (2559 எக்ஸ்டென்ட்ஸ்): 2560 ரிக்வயர்ட்”. 10 ஜிபி என்பது 10240 எம்பி. முதல் 1 எம்பி பத்திரத்துக்குப் போனால் 10239. அதில் 4 எம்பி துண்டுகள் 2559 தேறும், 3 எம்பி வரப்பாக நிற்கும். அளவு சொல்லாமல் ‘-எல் 100%ஃப்ரீ’ என்று சின்ன எழுத்து ‘எல்’லோடு கேளுங்கள். பெரிய ‘எல்’ என்றால் எம்பி, ஜிபி போன்ற அளவுக் கணக்கு, சின்ன ‘எல்’ என்றால் எக்ஸ்டென்ட் கணக்கு.

இடம் தாராளமாக இருந்தும் “இன்சஃபிஷியன்ட் சூட்டபிள்” என்று வந்தால் பெரும்பாலும் ரெய்டு வகை எல்வி கேட்டிருக்கிறீர்கள். இரண்டு நகலும் ஒரே டிஸ்கில் இருக்கக் கூடாது என்பதால் மறுக்கிறது. மொத்தத்தைப் பார்க்காமல் பிவிஎஸ்ஸில் ஒவ்வொரு டிஸ்கின் காலியிடத்தையும் பாருங்கள்.

எல்விஎக்ஸ்டென்ட் முடிந்தும் டிஎஃப் பழைய அளவையே காட்டினால், எல்வி வளர்ந்தது, ஃபைல்சிஸ்டம் வளரவில்லை. ரீசைஸ்2எஃப்எஸ் தட்டி “பேட் மேஜிக் நம்பர் இன் சூப்பர்-பிளாக்” வந்ததும் டிஸ்க் போய்விட்டது என்று பதறுகிறவர்கள் உண்டு. பெரும்பாலும் அது எக்ஸ்எஃப்எஸ், அவ்வளவுதான். மவுன்ட் செய்த இடத்தைக் கொடுத்து எக்ஸ்எஃப்எஸ்_க்ரோஎஃப்எஸ் தட்டுங்கள். முதலிலேயே எல்விஎக்ஸ்டென்டோடு ‘-ஆர்’ சேர்த்தால் இந்தக் குழப்பமே வராது.

யாரோ பிடித்துக்கொண்டிருக்கிறார்கள்

“கேன்ட் ஓப்பன் எக்ஸ்க்ளூசிவ்லி. மவுன்டட் ஃபைல்சிஸ்டம்?” கேள்விக்குறியைக் கவனியுங்கள்: எல்விஎம்மே ஊகிக்கத்தான் செய்கிறது. பெரும்பாலும் மவுன்ட், ஸ்வாப், பழைய ரெய்டு, மல்டிபாத் (ஒரே டிஸ்குக்குப் பல வழிகள்) இந்த நான்கில் ஒன்று. எல்எஸ்பிஎல்கே அந்த டிஸ்குக்குக் கீழே எதைத் தொங்கவிட்டிருக்கிறது என்று பாருங்கள்.

“லாஜிக்கல் வால்யூம் இன் யூஸ்” என்று அழிக்க மறுக்கும் எல்வி, எல்எஸ்ஓஎஃப்பில் எதுவும் காட்டாமலும் இருக்கும். டிஎம்செட்டப் இன்ஃபோ -சி தட்டி ‘ஓப்பன்’ எண்ணிக்கையைப் பாருங்கள். ஒன்றாவது இருந்தால் யாரோ இருக்கிறார். /சிஸ்/பிளாக்/டிஎம்-3/ஹோல்டர்ஸ் ஃபோல்டரில் வேறு டிவைஸ் பெயர் இருந்தால் அதன்மேல் இன்னொரு அடுக்கு கட்டியிருக்கிறார்கள். அதுவும் காலி என்றால் ஏதோ ஒரு கன்டெய்னர் தன் தனி அறைக்குள் மவுன்ட் செய்து வைத்திருக்கிறது. /ப்ராக்/*/மவுன்ட்இன்ஃபோ முழுவதும் எல்வியின் பெயரைக் க்ரெப் செய்தால் எந்தப் ப்ராசஸ் என்று தெரிந்துவிடும். தேடும்போது பெயரில் உள்ள ஒவ்வொரு கோட்டையும் இரட்டையாக எழுதுங்கள். ‘உபுன்டு-விஜி’ என்பது மேப்பர் ஃபோல்டரில் ‘உபுன்டு--விஜி’ என்றே இருக்கும்.

கமாண்ட் பதிலே சொல்லாமல் நின்றால் லாக் கோப்புகளை அழிக்காதீர்கள். வேறொரு எல்விஎம் கமாண்ட், செத்துக்கொண்டிருக்கும் டிஸ்கின் பதிலுக்காகக் காத்துக் கிடக்கலாம். பிஎஸ் பட்டியலில் ‘டி’ நிலையில் நிற்பதைத் தேடுங்கள்.

தின் பூல்: “மேனுவல் ரிப்பேர் ரிக்வயர்ட்!”

கல்லூரி ஆய்வகங்களில் ப்ராக்ஸ்மாக்ஸ் (ஒரே சர்வரில் பல மெய்நிகர் மெஷின்களை ஓட்டும் மென்பொருள்) வைத்திருப்பவர்கள் பார்ப்பது. அதில் ‘பிவிஈ/டேட்டா’ என்பது தின் பூல், அதாவது எழுத எழுத மட்டும் இடம் எடுத்துக்கொள்ளும் எல்விகளுக்கான பொது இடம். “செக் ஆஃப் பூல் ஃபெயில்ட்” என்ற வரியின் அடைப்புக்குள் இருக்கும் எண்ணையும், அதற்கு மேலே உள்ள வரியையும் படியுங்கள். மேலே “தின்_செக்: எக்செக்விபி ஃபெயில்ட்” என்று இருந்தால் பூலுக்கு ஒன்றுமே இல்லை. சோதிக்கும் கருவி நிறுவப்படவில்லை. தின்-ப்ரொவிஷனிங்-டூல்ஸ் பேக்கேஜை நிறுவுங்கள். ரெட் ஹாட் குடும்பத்தில் அதன் பெயர் டிவைஸ்-மேப்பர்-பெர்சிஸ்டன்ட்-டேட்டா.

அந்த வரி இல்லை என்றால் உண்மையான சேதம். விஜியில் மெட்டாடேட்டா அளவுக்குக் காலியிடம் இருக்கிறதா என்று பார்த்து, பூலையும் அதன் எல்விகளையும் எல்விசேஞ்ச் -ஏஎன் போட்டு நிறுத்திவிட்டு:

எல்விகன்வர்ட் --ரிப்பேர் பிவிஈ/டேட்டா

பழைய மெட்டாடேட்டா ‘டேட்டா_மெட்டா0’ என்ற பெயரில் ஒதுக்கி வைக்கப்படும். எல்லா மெஷினும் எழுந்து, உள்ளே கோப்புகளைத் திறந்து பார்க்கும்வரை அதை அழிக்காதீர்கள்.

இந்தச் சேதத்துக்கு அடிக்கடி காரணம் பூல் நிரம்பியதுதான். எல்விஎஸ்ஸில் ‘டேட்டா%’ எல்லோரும் பார்ப்பார்கள், பக்கத்தில் உள்ள ‘மெட்டா%’ யாரும் பார்ப்பதில்லை. ஆபத்து அங்கேதான் அதிகம். எல்விஎம்.கான்ஃபில் தின்_பூல்_ஆட்டோஎக்ஸ்டென்ட்_த்ரெஷோல்ட் இயல்பாக 100, அதாவது தானாக வளராது. 80 ஆக்குங்கள். வளர்வதற்கு விஜியில் காலியிடமும் விட்டுவைக்க வேண்டும்.

பழைய வகை ஸ்னாப்ஷாட் நிரம்பினால் வேறு கதை. அந்த ஸ்னாப்ஷாட் செல்லாமல் போகும், அசல் எல்விக்கு ஒரு கேடும் இல்லை. எல்விரிமூவ் செய்துவிட்டுப் பெரிதாக இன்னொன்று எடுங்கள்.

பூட்டில் நின்றால்

“டஸ் நாட் எக்ஸிஸ்ட். ட்ராப்பிங் டு எ ஷெல்!” என்று இனிட்ராம்எஃப்எஸ் (பூட்டின் முதல் கட்டத்தில் ஓடும் சிறு லினக்ஸ்) கேட்டு நின்றால்:

எல்விஎம் பிவிஎஸ்
எல்விஎம் விஜிசேஞ்ச் -ஏஒய்
எக்ஸிட்

இதிலேயே பூட் ஆகிவிட்டால், டிஸ்க் தாமதமாக எழுந்திருக்கிறது அல்லது இனிட்ராம்எஃப்எஸ் பழசாகிவிட்டது. உள்ளே போனதும் உபுன்டுவில் அப்டேட்-இனிட்ராம்எஃப்எஸ் -யு -கே ஆல், ரெட் ஹாட்டில் ட்ராகட் -எஃப். முதல் வரியிலேயே பிவி காட்டாவிட்டால் மேலே சொன்ன கேபிள் வேலைக்குத் திரும்புங்கள்.

“ஃபைல் டிஸ்கிரிப்டர் லீக்ட்” என்று நீளமாக வரும் வரியைக் கண்டுகொள்ளவே வேண்டாம். உங்களைக் கூப்பிட்ட புரோகிராம் ஒரு கோப்பை மூடாமல் விட்டிருக்கிறது. டிஸ்குக்கும் அதற்கும் தொடர்பில்லை.

எழுந்து போகும் முன்

சரியானதும் பத்திரத்தின் நகலைப் பென்டிரைவில் எடுங்கள்:

விஜிசிஎஃப்ஜிபேக்கப் -எஃப் /எம்என்டி/பென்/ஸ்டுடியோ.விஜி ஸ்டுடியோ

இந்தக் கோப்பு சில கேபிதான் இருக்கும். கூடவே எல்எஸ்பிஎல்கே -எஃப், பிவிஎஸ், எல்விஎஸ் -ஏ மூன்றின் வெளியீட்டையும் ஒரு கோப்பில் சேமியுங்கள். அந்தப் பென்டிரைவ் சர்வர் இருக்கும் கட்டடத்தில் இருக்க வேண்டாம். 2017 நவம்பர் கடைசியில் ஒக்கி புயல் அடித்தபோது மாவட்டத்தில் பல ஊர்களுக்கு நாள்கணக்கில் கரண்டும் இல்லை, நெட்டும் இல்லை. அப்படி ஒரு நாளில் மெயிலிலோ கிளவுடிலோ மட்டும் இருக்கும் நகல் கைக்கு வராது.

பிறகு ஆள் பக்கத்தில் இருக்கும்போதே ஒருமுறை ரீபூட் செய்யுங்கள். வந்ததும் எல்விஎஸ்ஸின் ஒன்பதாவது இடத்தில் ‘பி’ இல்லை, விஜிஎஸ்ஸின் நான்காவது இடத்திலும் ‘பி’ இல்லை, டிமெஸ்ஜியில் புதிய ‘ஐ/ஓ எரர்’ இல்லை என்று மூன்றையும் பார்த்துவிட்டு மூடியைப் போட்டுத் திருகை முறுக்குங்கள்.